அடுப்பு எல்லா ஊருக்கும் கீழே எரிகிறது

புதுக்கோட்டை மாவட்டத்துக் கறம்பக்குடியில் ஒரு குடும்பம் வேன் பிடிக்கிறது என்றால் முன்பெல்லாம் மூன்றே காரணம்தான்: முடியிறக்கு, கல்யாணம், துக்கம். இப்போது நான்காவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. "சும்மா ஒரு நாள் சுத்திட்டு வருவோம்." இருட்டோடு கிளம்பி, பொழுது சாய்ந்து வீடு திரும்புவது. நம் ஆட்கள் மட்டும். எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் நிற்பது எல்லாம் நம் இஷ்டம்.

இது எப்படி நடக்கிறது என்று பந்திச் சமையல் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விறகுக் கணக்குதான். எட்டுப் படி வடித்தாலும் பன்னிரண்டு படி வடித்தாலும் அடுப்பு மூட்டும் விறகில் பெரிய வித்தியாசம் இருக்காது. வேனும் அப்படித்தான். நாள் வாடகை, டீசல், ஓட்டுநர் பேட்டா மூன்றும் உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. பேச்சுக்கு எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய் என்று வையுங்கள். 14 பேர் என்றால் தலைக்கு 500. 20 பேர் என்றால் 350. ஏற்பாடு செய்கிறவர் கடைசி நாள் ராத்திரி வரை "சித்தப்பா, நீங்களும் வாங்களேன்" என்று வீடு வீடாக ஏறி இறங்குவது இதனால்தான். அதில் பாசமும் உண்டு, வகுத்தல் கணக்கும் உண்டு.

ஆனால் விறகை மிச்சம் பிடிக்கப் போய் இலை போடும் இடத்தை மறந்துவிடக் கூடாது. எங்கள் வேன்கள் போகிற சிற்றன்னவாசலையே எடுத்துக்கொள்ளுங்கள். பாறையைக் குடைந்த அறிவர் கோயிலின் முன்மண்டபம் ஏறக்குறைய 22 அடி நீளம், 7 அடி அகலம். உள்ளறை பத்தடிச் சதுரம்கூட இல்லை. இருபது பேரும் ஒன்றாக நுழைந்தால் விதானத்தில் வரைந்த தாமரைக் குளம் யார் கண்ணிலும் படாது. முன்னால் நிற்பவர் கொண்டைதான் தெரியும். முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று பிரித்து அனுப்ப வேண்டும். இரண்டாம் பந்திக்காரர்கள் வெளியே நிழலில் முறுக்கைத் தின்றுகொண்டிருக்கலாம்.

நேரக் கணக்கைத் தயிர்ச்சோறு சொல்லித் தரும். கட்டுச்சோறு கட்டும் வீட்டில் விடிகாலையில் சோற்றைக் குழைத்துப் பாலை ஊற்றி, மேலே ஒரு கரண்டி தயிர் மட்டும் விடுவார்கள். அப்போது ருசி பார்த்தால் பால்சோறுதான். பகல் ஒரு மணிக்குத் திறந்தால் பதமான தயிர்ச்சோறு. கட்டும் நேரத்துக்கு அல்ல, சாப்பிடும் நேரத்துக்குப் பிசைகிறார்கள். வேன் கிளம்பும் நேரத்தையும் இப்படித்தான் முடிவு செய்ய வேண்டும். வெட்டவெளிப் பாறையில் எத்தனை மணிக்கு நிற்கப் போகிறோம் என்பதிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வர வேண்டும். நானே ஒரு தடவை இதை மாற்றிச் செய்தேன். இட்லியும் டீயும் ஆகி, சாவகாசமாகப் பதினொன்றரை மணிக்குச் சிற்றன்னவாசல் பாறைமேல் உள்ள ஏழடிப்பட்டம் குகைக்கு ஏறினோம். செருப்பைக் கழற்றிவிட்டு வந்த சின்னப் பிள்ளைகள் பாறையில் பரதநாட்டியம் ஆடின. சூடேறிய தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. பழி என்மேல்தான்.

அன்றைக்குத்தான் ஒரு கேள்வியும் வந்தது. குகையின் நிழலில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்த அப்பத்தா கேட்டது: "ஏப்பா, டிவியில காட்டுறானே, பாறைக்குள்ள இருந்து வெந்நி பொங்குதுன்னு. இம்புட்டுப் பாறை கெடக்கே, இங்கிட்டு எங்கயும் இல்லையா?"

"இல்லை அப்பத்தா."

"ஏன் இல்ல? நம்ம போர்ல மார்கழியில வெதுவெதுன்னு வருதே. அது என்னவாம்?"

முதல் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. இரண்டாவதுதான் ஆளைப் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் அப்பத்தா பாதி விடையைத் தன் கையிலேயே வைத்திருந்தது.

அடுப்பிலிருந்து தொடங்குவோம். பூமிக்குள் தீ எரியவில்லை, கங்கு இருக்கிறது. பூமி உருவானபோது அடைபட்ட சூடு இன்னும் முழுதாக ஆறவில்லை. அதோடு பாறைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்திருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை சிதைந்து சிதைந்து புதுச் சூட்டையும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. நீறு பூத்த அடுப்பு என்று சொல்லலாம். மேலே இருக்கும் பாறைதான் அந்தச் சாம்பல். கீழே இறங்க இறங்க, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 25 டிகிரி வீதம் சூடு ஏறும். சில நாடுகளில் கூடும், பழைய கெட்டிப் பாறை நிலங்களில் குறையும். ஆனால் அடுப்பே இல்லாத ஊர் உலகத்தில் கிடையாது. கறம்பக்குடிக்குக் கீழேயும் எரிகிறது, காசிக்குக் கீழேயும் எரிகிறது.

அப்பத்தாவின் போர்த் தண்ணீர் இந்தக் கணக்குக்குச் சாட்சி. நம் ஊர்ப் பக்கம் மேலே செம்மண்ணும் செம்பராங்கல்லும், அடியில் மணற்பாறை அடுக்குகளும். ஆயிரம் அடி இறங்கும் ஆழ்குழாய் என்றால் 300 மீட்டர். மேல்மட்ட நிலத்தடி நீரை விட அங்கே ஏழெட்டு டிகிரி கூடுதல் சூடு. மேலே 29 என்றால் அடியில் 36, 37. நம் உடம்புச் சூடு. மார்கழி விடியலில் காற்று 20 டிகிரிக்கு இறங்கி நிற்கும்போது அந்தத் தண்ணீர் தலையில் விழுந்தால் யாரோ விளாவி வைத்த வெந்நீர் போலத்தான் இருக்கும். ஆழமில்லாத கிணற்றுத் தண்ணீர்கூட அந்த நேரத்தில் இதமாகத் தெரிவதற்குக் காரணம் வேறு: அது மாறவில்லை, காற்றுதான் குளிர்ந்துவிட்டது. இரண்டும் கலந்துதான் அப்பத்தாவின் மார்கழி.

ஆக, மோட்டார் வைத்து இழுத்தால் வரும். தானாக வர வேண்டும் என்றால்? அங்கேதான் பாத்திரம் வேண்டும்.

வெந்நீர் ஊற்றுக்கு முதல் தேவை ஒரு வடிகட்டி. காப்பி ஃபில்டரில் மேல் தட்டில் ஊற்றிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்குவது போல, மேட்டு நிலத்தில் பெய்த மழை பாறை வெடிப்புகள் வழியே இறங்க வேண்டும். ஒரு நாளில் இல்லை. வருஷக் கணக்கில், சில இடங்களில் நூற்றாண்டுக் கணக்கில். நூறு, இருநூறு அடி போதாது. அரைக் கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர், அதற்கும் கீழே. போகப் போகச் சூடேறும்.

அவ்வளவு ஆழத்தில் தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது, மேலே மூடி இருக்கிறது. எந்த மூடி? அதன் தலைமேல் நிற்கும் தண்ணீரின் எடையே மூடி. வீட்டுக் குக்கரில் விசில் வரும்போது உள்ளே உள்ள தண்ணீர் 120 டிகிரி வரை போகும், ஆனாலும் தண்ணீராகவே கிடக்கும். பத்து மீட்டர் ஆழத் தண்ணீரின் அடியில் உள்ள அழுத்தமும் ஏறக்குறைய அதே குக்கர் அழுத்தம்தான். நம் தோப்புக் கிணற்றின் அடித்தரை ஒரு பிரஷர் குக்கர் என்று நினைத்துப் பாருங்கள். நூறு மீட்டர் ஆழத்தில் பத்துக் குக்கர். நூறு டிகிரியைத் தாண்டினாலும் தண்ணீர் தண்ணீராகவே காத்திருக்கும்.

இனி மேலே ஏற வேண்டும். இரண்டு சக்திகள் தள்ளுகின்றன. ஒன்று, உலையில் பார்ப்பது: அடியில் சூடான தண்ணீர் லேசாகி எழும்ப, மேலே உள்ள கனத்த தண்ணீர் அந்த இடத்துக்கு இறங்கும். பருப்பு போட்டவுடன் நடுவில் எழும்பி ஓரத்தில் இறங்கும், பார்த்திருப்பீர்கள். இன்னொன்று, கெண்டி. கெண்டிக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதே மட்டத்துக்கு மூக்கிலும் ஏறி நிற்கும். மழை இறங்கிய மேடு கெண்டியின் வயிறு. தாழ்ந்த இடத்தில் வாய் திறந்திருக்கும் வெடிப்பு அதன் மூக்கு. மேடு உயரமாகவும் மூக்கு தாழ்வாகவும் இருந்தால் தானாக வழியும்.

கடைசியாக ஒன்று, நான் பார்த்தவரை எல்லாரும் விட்டுவிடுவது. வேகம். ரசத்தை ஒரே மூச்சில் ஊற்றினால் சுடும். டம்ளருக்கு டம்ளர் ஆற்றி ஊற்றினால் ஆறிவிடும். ஆழத்தில் சூடான தண்ணீர் நூறு சந்து பொந்துகளில் அலைந்து மெதுவாக ஏறினால் வழியெல்லாம் பாறைக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுச் சாதாரண ஊற்றாக வெளியே வரும். நேரான, திறந்த, ஆழமான ஒரு வெடிப்பு வேண்டும். வடிகட்டி, மூடி, கெண்டி எல்லாம் இருந்தும் இது ஒன்று இல்லாமல் கெட்டுப்போன ஊர்கள்தான் அதிகம். எரிமலை இல்லாத நாடுகளில் ஊற்று இருக்கிற ஊருக்கும் இல்லாத ஊருக்கும் அடுப்பில் பெரிய வித்தியாசமில்லை, குழாயில்தான் வித்தியாசம்.

"அப்ப நமக்குக் கொழாய்தான் சரியில்ல" என்றது அப்பத்தா. அதேதான்.

குழாய் சரியாக அமைந்த இடம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இலங்கையில் எரிமலை கிடையாது. நம்முடையதைப் போன்ற பழம்பாறை நாடுதான். ஆனாலும் தீவின் கிழக்குப் பகுதியில் ஒரு பட்டையாக வெந்நீர் ஊற்றுகள் வரிசை கட்டி நிற்கின்றன. தீவின் பெரும் பாறைத் தொகுதிகள் ஒன்றோடொன்று சந்திக்கும் எல்லையை ஒட்டிய வெடிப்புகளோடு இவற்றை இணைத்துப் பேசுகிறார்கள் நிலவியலாளர்கள். தமிழர்களுக்கு நெருக்கமானது திருகோணமலைக்கு மேற்கே உள்ள கன்னியா. சதுரமாகக் கட்டிய ஏழு சிறு கிணறுகள், ஒன்றுக்கொன்று சில அடி தூரத்தில். தண்ணீர் 40 டிகிரியை ஒட்டி இருக்கும். கிணற்றுக்குக் கிணறு கொஞ்சம் மாறும். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கியது என்பது தலக்கதை. அதனால் இறந்தவர்களுக்கான கிரியைகளை அங்கே வந்து செய்யும் வழக்கம் உண்டு. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் ஏன் சூடு மாறுகிறது என்பதற்கு இராவணன் தேவையில்லை. ஒரே அண்டாவிலிருந்து வரும் வெந்நீரில், மேல்மண்ணின் பச்சைத் தண்ணீர் ஒவ்வொரு வாளியிலும் வேறு வேறு அளவு விளாவப்படுகிறது.

அங்கே இதற்கு வேன் என்று சொல்ல மாட்டார்கள், ‘வான்’ பிடிப்பார்கள். திருகோணமலையில் தங்கியிருக்கும் கூட்டத்துக்கு ஒரு நாள் வட்டம் தயாராக இருக்கிறது. விடியற்காலையில் கன்னியாவில் குளியல். அங்கிருந்து வெல்கம் விகாரை; நாதனார் கோயில் என்று தமிழர் சொல்லும் இடம். சோழர் காலத்தில் அதற்கு ராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். அந்த இடிபாட்டில் தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்தன. பௌத்தப் பள்ளிக்குத் தமிழர் விளக்குக்கும் பசுவுக்கும் தானம் எழுதி வைத்த செய்தி அவற்றில் இருக்கிறது. மாலையில் சுவாமி மலை மேல் கோணேசுவரம். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அந்தக் கோயிலை இடித்துக் கல்லைக் கோட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் கடலடியில் கிடந்ததை 1956-ல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் முக்குளித்துப் பார்த்தார்கள். வெந்நீரும் இடிபாடும் ஒரே நாளில். 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் தொடங்கியபோது, நம் வேனும் ஒரு நாள் போய்விடாதா என்று எனக்கு ஆசை வந்தது. காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை வெகு தூரம். ஒரு நாளில் முடிகிற காரியமில்லை.

வெந்நீருக்கும் இடிபாட்டுக்கும் உள்ள இந்த ஜோடிப் பொருத்தம் தற்செயல் இல்லை. வெந்நீர் இருந்த இடத்தில் ஆட்கள் கூடினார்கள், கூடிய இடத்தில் கட்டினார்கள், கட்டியது ஒரு நாள் இடிந்தது. பீகாரில் ராஜகிருகம் மகத நாட்டின் பழைய தலைநகர். மலையடியில் இன்றும் பிரம்மகுண்டத்தில் வெந்நீர் வழிகிறது, மலைமேல் சாந்து வைக்காமல் பெருங்கற்களை அடுக்கிய பழைய மதில் ஓடுகிறது. கொஞ்ச தூரத்தில் நாலந்தா. இரண்டுக்கும் நடுவே சிலாவ் என்ற ஊரில் காஜா செய்கிறார்கள். அடுக்கடுக்காக மாவைத் தேய்த்துப் பொரித்துப் பாகில் போடும் பலகாரம். 2018-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் காஜாவை நாலந்தாவின் பெரிய கோயிலுக்கு முன்னால் நின்று தின்றால் தொல்லியலில் ஒரு பாடம் மிச்சம். அந்தக் கோயில் ஒன்றன் மேல் ஒன்றாக ஏழு தடவை பெரிதாக்கிக் கட்டப்பட்டது. பழைய அடுக்கை இடிக்காமல் அதன்மேல் புது அடுக்கை மூடினார்கள்.

இமாசலத்தின் மணிகரணில் உவமையே வேண்டாம். அங்கே ஊற்றுதான் சமையலறை. கொதிநிலையை ஒட்டிய தண்ணீரில் குருத்வாராவின் அன்னதானச் சோறும் பருப்பும் வேகின்றன. போகிறவர்கள் அரிசியைத் துணியில் முடிந்து கயிற்றில் தொங்கவிட்டு வேகவைத்து எடுத்து வருகிறார்கள்.

துருக்கியின் பாமுக்காலே பற்றி ஒரு வார்த்தை, அதற்கு நம் வீட்டு அண்டாவே சாட்சி என்பதால். போர்த் தண்ணீரை நாள்தோறும் சுடவைக்கும் அண்டாவின் உட்புறம் வெள்ளையாகப் படை கட்டும். புளி போட்டுத் தேய்த்தால்தான் போகும். ஆழத்தில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர், வெளியே வந்ததும் கோலிசோடா திறந்த மாதிரி வாயுவை விட்டுவிட, சுண்ணாம்பு படிந்துவிடுகிறது. பாமுக்காலேயில் அதே படைதான், மலைச்சரிவு முழுக்க. அதன் தலைமாட்டில் ஹியரபொலிஸ் என்ற பழைய நகரம் இடிந்து கிடக்கிறது. சாய்ந்த தூண்களுக்கு நடுவே வெந்நீரில் ஆட்கள் மிதக்கிறார்கள். 1988-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். புளி வைத்துத் தேய்க்க யாரும் போகவில்லை.

சரி, மறுபடி சிற்றன்னவாசலுக்கு. அப்பத்தா உட்கார்ந்திருந்த பாறையும் ஒரு காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்ததுதான். புதுக்கோட்டைக்கு மேற்கே நிற்கும் இந்தக் கெட்டிப் பாறைகள் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து, மெல்ல ஆறி, மேலிருந்த நிலம் கோடிக்கணக்கான வருஷங்களில் அரித்துப் போனதால் வெளியே தெரிகின்றன. மெல்ல ஆறியதால்தான் அதில் கண்ணுக்குத் தெரியும் மணிகள். பாகு மெல்ல ஆறினால் கற்கண்டு பெரிது பெரிதாக விளைவது போல. வெந்நீர் இல்லையே என்று இந்த மாவட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வெந்நீர் கொடுக்காத அதே கெட்டிப் பாறை அல்லவா இத்தனை குகைக்கோயிலையும் கல்வெட்டையும் காத்துக் கொடுத்திருக்கிறது. வெடிப்பு மிகுந்த பாறையில் கோயில் குடைய முடியாது.

ஏழடிப்பட்டத்தில் பதினேழு கல்படுக்கைகள், ஒன்றில் கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டிய தமிழி எழுத்து. மேற்குப் பக்கம் இறங்கி வந்தால் அறிவர் கோயில். 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. விதானத்து ஓவியம் அவ்வளவு எளிதில் உதிர்வதற்கும் சமையலறையில் விளக்கம் உண்டு. ஈரச் சாந்தின் மேல் வண்ணம் பூசினால், ஈர மாவில் விழுந்த மஞ்சள் போல உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த சாந்தின் மேல் பசை சேர்த்துப் பூசினால், வெந்த தோசைமேல் தூவிய பொடி போல மேலோடு நிற்கும். விரல் பட்டால் வந்துவிடும். சிற்றன்னவாசல் இந்த இரண்டாவது வகை என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். பிள்ளைகளிடம் தொடாதே என்று அதட்டுவதை விட இந்தத் தோசைப்பொடியைச் சொன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கின்றன. சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

கறம்பக்குடியிலிருந்து போகிறவர்களுக்கு வழி இது. ஆலங்குடி வழியாகப் புதுக்கோட்டை. ஊருக்குள் நிற்காமல் நேரே சிற்றன்னவாசல். பாறை சுடுமுன் ஏறி இறங்கிவிடுங்கள். வெயில் ஏறியதும் குடுமியான்மலை, 7ஆம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டின் நிழலில் ஒரு மணி நேரம். கட்டுச்சோறு அங்கேயே. வெயில் தாழ நார்த்தாமலை, விஜயாலய சோழீச்சரம். வெளியே சதுரம், உள்ளே வட்டக் கருவறை. திரும்பும்போது பொழுதிருந்தால் பொற்பனைக்கோட்டை. மாநிலத் தொல்லியல் துறை 2023-ல் அங்கே அகழாய்வு தொடங்கியது. பர்பி வில்லை போடுவது போல நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, நடுவில் வரப்பு விட்டுத் தோண்டுவார்கள். அந்த வரப்பின் பக்கவாட்டில்தான் காலத்தின் அடுக்குகள் தெரியும், தயவுசெய்து அதன்மேல் ஏறி நின்று போட்டோ எடுக்காதீர்கள். திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்தையும் பார்க்க நினைத்தால் அதை மதியத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 1910-ல் தொண்டைமான் ஆட்சியில் தொடங்கியது, பார்க்காமல் வரக்கூடாத இடம். ஆனால் அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நல்ல நாள் என்று வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வேன் சொல்லிவிடாதீர்கள்.